அத்தையின் உப்புத்தாள்

எங்கள் அத்தை வீட்டுப் பாத்திரங்களில் யார் பெயரும் இருக்காது. கல்யாணத்துக்கு வந்த குடம், தூக்குவாளி, டம்ளர் எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டித்தான் வந்திருக்கும். அத்தை வீட்டில் அவை தேய்ந்து போய்விட்டன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஓர் எழுத்தின் வளைவு மட்டும் நிழல்போலத் தெரியும். பூசையறையில் உள்ள பித்தளைப் பிள்ளையாருக்குக் கண் கிடையாது, காது கிடையாது, தும்பிக்கை எங்கே முடிந்து வயிறு எங்கே தொடங்குகிறது என்றும் சொல்ல முடியாது.

“வாறவுக கிட்ட எல்லாம் இது பிள்ளையாருன்னு நான்தான் சொல்ல வேண்டிருக்கு. இல்லேன்னா கொழுக்கட்டைன்னு நெனச்சிருவாக” என்பார் மாமா.

“அழுக்கோட இருக்க சாமிய விட மொகமில்லாத சாமி தேவலை” என்பாள் அத்தை.

அவள் என் அப்பாவின் அக்கா. பாபநாசம் மலைக்குக் கிழக்கே, ஆற்று வாய்க்கால் பாயும் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வேதியியல் படித்துவிட்டு வேலைக்குப் போகாதவள். பிள்ளைகள் இல்லை. நான் கங்கைகொண்டானில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கியிருந்தபோது, சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். விடுதிச் சாப்பாட்டுக்குப் பயந்து போனேன் என்பதுதான் உண்மை. போனதும் என் டிபன் டப்பாவைப் பையிலிருந்து அவளே எடுத்து, மூடியின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். நான் கழுவியது ஒருநாளும் அவளுக்குக் கழுவியதாக இருந்ததில்லை.

அத்தை உப்புத்தாள் போட்டு நான் பார்த்தவை: அரிவாள்மணை, கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாயின் திருகு, ஆட்டுரல் குழவியின் மரப்பிடி, பழைய பூட்டின் சாவி. சாவிக்கு உப்புத்தாள் போட்டது கடைசியில் பூட்டு திறக்காமல் போய், மாமா ஓடு பிரித்து உள்ளே இறங்கியதில் முடிந்தது. அப்போதும் அவள் பூட்டைத்தான் குறை சொன்னாள். “ஒட்டியிருக்கதை எடுத்துட்டா உள்ள இருக்கது சரியாத்தான் இருக்கும்.” இதை அவள் சாவிக்கும் சொன்னாள், சளி பிடித்த என் மூக்குக்கும் சொன்னாள். மனிதர்களைப் பற்றியும் அவளுக்கு அதே அபிப்பிராயம்தான் என்று எனக்குத் தோன்றும்.

அவளுடைய உப்புத்தாள் அதிகமாகப் போனது வேறொரு பொருளுக்கு.

மாமாவுக்கு மலையடிவாரத்தில் நெல் வயலும் கொஞ்சம் வாழையும் இருந்தன. காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு வயலை ஒரே மூச்சில் உழுதுவிட்டுப் போகும். அதற்காக அவருடைய அப்பா காலத்திலிருந்து பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஒரு துப்பாக்கி இருந்தது. வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இறக்கிச் சுடும் பழைய ஒற்றைக் குழல். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். பன்றியைக் கொல்லச் சட்டம் இடம் தராது. மாமாவுக்கும் குறி கிடையாது. வரப்பைப் பார்த்துச் சுடுவார். மண் தெறிக்கும், பன்றி ஓடும். வெறும் சத்தத்துக்கு அவை எப்போதோ பழகிவிட்டிருந்தன.

குண்டு வார்ப்பது அத்தையின் வேலை. கல்யாணமான புதிதில் மாமா வார்த்த குண்டுகளைப் பார்த்து, “இது என்னது, சுண்டைக்கா வத்தலா?” என்று கேட்டு எல்லாவற்றையும் திரும்ப உருக்கப் போட்டாளாம். அன்றிலிருந்து அந்தப் பொறுப்பு அவளிடம் வந்துவிட்டது. படித்தவள் என்பதால் ஈயப்புகையின் கெடுதல் தெரியும். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால், காற்றுக்கு முதுகு காட்டி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்வாள். அதற்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனிச் சேலை. டயர் கடையிலிருந்து மாமா வாங்கி வரும் ஈயத் துண்டுகளை உருக்கி, குறடு போன்ற அச்சில் ஊற்றுவாள். பிளந்தால் வாலோடு ஒரு குண்டு விழும். வாலை நறுக்குவாள்.

அது பாதி வேலைதான். வார்த்த குண்டு குழலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், உருண்டையும் சரியாக இராது. அதைச் சரியான பருமனுக்குக் கொண்டுவர இன்னோர் அச்சு இருந்தது. உள்ளங்கை அளவு இரும்புக் கட்டி, நடுவில் ஒரு துளை. மாமனார் காலத்தில் அம்பாசமுத்திரத்துப் பட்டறையில் கடைந்தது. துளைமேல் குண்டை வைத்து, பித்தளைக் கம்பியை நிறுத்தி, மரச் சுத்தியலால் தட்டினால், குண்டு இறுக்கமாக நுழைந்து மறுபக்கம் கீழே உள்ள டப்பாவில் விழும். வெளியே வரும் குண்டின் இடுப்பில் ஒரு மெல்லிய பளபளப்புப் பட்டை இருக்கும். அதை அவள் ஒட்டியாணம் என்பாள். பிறகு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்ப்பாள். நேராக ஓடாமல் ஒதுங்கினால், “நொண்டுது” என்று சொல்லித் திரும்பச் சட்டியில் போடுவாள்.

எல்லாம் முடிந்ததும் துளையைச் சுத்தம் செய்வாள். ஈயம் துளையின் சுவரில் படலமாக ஒட்டும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பெரும்பாலும் என்பது அத்தைக்குப் போதாது. பென்சிலில் உப்புத்தாளைச் சுருட்டி, துளைக்குள் விட்டு, உள்ளே தன் கண் தெரியும்வரை உருட்டுவாள். சில நாள் குண்டுக்கு ஆன நேரத்தைவிடத் துளைக்கு ஆன நேரம் அதிகம்.

“போதும்ளா, ஓட்டைக்குள்ள என்ன கோலமா போடப் போறே?” என்பார் மாமா.

“ஒங்களுக்கு எல்லாம் போதும்தான். ஒங்க பனியனைப் பாத்தாலே தெரியுதே.”

அப்போது அவள் பெருமையாகச் சொன்ன ஒன்று நினைவிருக்கிறது. “முன்னெல்லாம் சுத்தியல்ல நாலு போடு போட்டாத்தான் குண்டு எறங்கும். இப்ப ஒரு தட்டுல வழுக்கிட்டுப் போவுது பாரு. வார்க்கிற கை பழகிட்டு.” நானும் அப்படித்தான் நினைத்தேன். கேள்வி கேட்க அங்கே ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது.

மாமா மட்டும் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தார். “ஏளா, இப்பல்லாம் குண்டு கொழலுக்குள்ள எறங்க மாட்டேங்கு. இடிச்சு இடிச்சுத் தோளே போச்சு.”

“கொழலைத் தொடச்சாத்தானே எறங்கும். கரி அப்பிக் கெடக்கும்.”

“தொடச்சேன்ளா.”

“நீங்க தொடச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? சோறு தின்ன கையையே தொடைக்காத ஆளு.”

அவர் சிரித்துக்கொண்டே போய், மறுபடியும் துடைப்பார். குண்டு முழுவதும் இறங்கிவிட்டதா என்று தெரிய, குழலுக்குள் இடிக்கும் கம்பியில் ஆணியால் ஒரு கோடு கீறிக் கொடுத்திருந்தாள் அத்தை. கோடு குழல் வாயோடு நின்றால் குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் சிக்கி, மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி விழுந்தால் குழல் தாங்காது. இது மாமாவுக்கும் தெரியும்.

ஒரு மார்கழிக் காலையில், வெளுக்கும் நேரத்தில், அதுதான் நடந்தது. வாழைக்குள் பன்றி நிற்கிறது என்று ஆள் ஓடிவந்து சொல்ல, அவசரமாக மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுட்டிருக்கிறார். குழல் அவர் கையிலேயே பிளந்தது. இடது கையில் இரண்டு விரல்தான் மிஞ்சியது. ஒரு கண் போயிற்று. மற்றதில் ஜன்னல் எது சுவர் எது என்பது மட்டும் தெரியும்.

போலீஸ் வந்து கேட்டதற்கு, “அவசரப்பட்டுட்டேன். கம்பியில கோட்டைப் பாக்கலை. என் தப்புதான்” என்று சொன்னார். துப்பாக்கியின் மிச்சத்தை அவர்கள் எடுத்துப் போனார்கள். வயல் குத்தகைக்குப் போனது.

அதன் பிறகு அந்த வீட்டில் தினமும் ஒரு விசாரணை நடந்தது. காலைக் காப்பிக்குப் பிறகு தொடங்கும். அவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே அத்தை கேட்பாள்.

“கோடு எதுக்குப் போட்டுக் குடுத்தேன்?”

“பாக்கதுக்கு.”

“பாத்தியளா?”

“இருட்டுளா.”

“இருட்டுன்னா தடவிப் பாக்கப்படாதா? கீறித்தானே குடுத்தேன், மையிலயா எழுதிக் குடுத்தேன்?”

“கீறித்தான் குடுத்தே.”

“ஒத்த நிமிசம். ஒத்த நிமிசம் பொறுத்திருந்தா பன்னி என்ன, வாழைத்தாரைக் கட்டிட்டு பஸ் ஏறிருமா?”

“டிக்கெட்டு எடுத்திருக்கும்லா.”

“சிரிக்கிய. சிரிங்க. சட்டைக்குப் பொத்தான் போடக் கை இல்ல, சிரிப்புக்குக் கொறச்சலில்ல.”

முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. இப்படியுமா ஒரு மனுஷி கண்ணில்லாதவரைப் படுத்துவாள் என்று கோபம் வந்தது. போகப் போகப் புரிந்தது. அவள் திட்டும்போது மாமா முகத்தைக் குரல் வரும் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் அடுக்களைக்குப் போனால் முகமும் அடுக்களைக்குப் போகும். தொழுவத்துக்குப் போனால் தொழுவத்துக்கு. அவள் எங்கே நிற்கிறாள், குனிந்திருக்கிறாளா, நிமிர்ந்திருக்கிறாளா, எல்லாம் அந்தத் திட்டில் அவருக்குத் தெரிந்தது. கொஞ்சம் ஓய்ந்தால் அவரே, “அன்னைக்கு மட்டும் கோட்டைப் பாத்திருந்தா…” என்று எடுத்துக் கொடுப்பார். உடனே மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது.

பிறகு ஒரு சனிக்கிழமை, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல்காரர் வந்தார். அவருக்கும் லைசென்ஸ் உண்டு. தன் அச்சு உடைந்துவிட்டதென்று முந்தின வாரம் அத்தையின் இரும்புக் கட்டியை இரவல் வாங்கிப் போயிருந்தார். அதைத் திரும்பத் தந்தார்.

“மதினி, ஒங்க அச்சுல வந்த குண்டு எங்க கொழல்ல பாதியில நிக்கு. நல்லவேளை, மருந்து போடாம சும்மா விட்டுப் பாத்தேன்.”

“ஒங்க கொழல் சின்னதா இருக்கும்” என்றாள் அத்தை.

“அண்ணாச்சி அப்பாவும் எங்க அப்பாவும் சேந்து போயி வாங்குனதுல்லா? ரெண்டும் ஒரே அளவுதான்னு சொல்லுவாக.”

“தொடச்சியளா கொழலை?”

“தொடச்சேன் மதினி.”

அவர் போன பிறகு அத்தை அந்தக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மோர் ஊற்றச் சொன்னது காதில் விழவில்லை. மாமா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து பூசையறைக்குப் போனாள். அங்கே திரைச்சீலை காற்றில் விளக்கின் மேல் பறக்காமலிருக்க, கல்யாணமான வருடம் அதன் ஓரத்தில் ஓர் ஈயக் குண்டை வைத்துத் தைத்திருந்தாள். அச்சில் அவள் இறக்கிய முதல் ஈடு குண்டுகளில் ஒன்று. திரை கிழிந்து மாற்றும்போதெல்லாம் அந்த முனையை மட்டும் வெட்டிப் புதிய துணியில் சேர்த்துத் தைப்பாள். அதனால் உப்புத்தாள் அதைத் தொட்டதே இல்லை; அச்சின் முதல் அளவு அதில் அப்படியே இருந்தது. தையலைப் பிளேடால் பிரித்து, குண்டை எடுத்து வந்தாள்.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, டப்பாவின் மேல் கட்டியை வைத்தாள். துளையின் மேல் குண்டை வைத்தாள். பித்தளைக் கம்பியை எடுக்கக் கை நீட்டினாள்.

கை போய்ச் சேருமுன் குண்டு விழுந்துவிட்டது.

அவள் அதை எடுத்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது. திருப்பிப் பிடித்து, அடிப்பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தாள். விழுந்தது. டப்பாவில் ஈயம் விழும் அந்த மொத்தென்ற சத்தம் எனக்குப் பழக்கமானது. சுத்தியல் சத்தம் இல்லாமல் அதை நான் கேட்டதில்லை.

“நான் ஒன்னும் தட்டலையேட்டி” என்றாள்.

என் பையில் ஆய்வகத்து வெர்னியர் அளவுகோல் இருந்தது. எடுத்துக் குண்டை அளந்தேன், துளையை அளந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் எனக்குக் கை நடுங்காது. அது என் குணம், நல்லதா என்று தெரியாது.

“தேஞ்சிருக்கு அத்தை. தொளை பெருசாயிருக்கு, குண்டும் அந்த அளவுக்குப் பெருசாத்தான் வந்திருக்கும்.”

“எவ்வளவு?”

“அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.”

“இரும்பு எப்படிட்டி தேயும்? ஈயம் போயா இரும்பைத் தேய்க்கும்?”

நான் வெர்னியரைப் பைக்குள் வைத்தேன். அவளே ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே, உப்புத்தாள் சுருட்டிய பென்சில் கம்பியில் செருகியிருந்தது. துப்பாக்கி போய் இரண்டு வருடமாகியும் மாதம் ஒருமுறை அவள் அச்சைச் சுத்தம் செய்வதை நிறுத்தவில்லை.

“அதுவா?”

“ஆமா அத்தை.”

ஆய்வகத்தில் ஒரு பழுது வந்தால் காரணங்களை வரிசையாக எழுதச் சொல்வார்கள். நான் வாயால் வரிசைப்படுத்தினேன். பழைய குழல், உள்ளே துரு இருந்திருக்கலாம். மருந்து கூடிப் போயிருக்கலாம். கரி அப்பியிருக்கலாம். குண்டு இறுக்கமாக இருந்து நடுவில் நின்றிருந்தாலும், மாமா கோட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இதில் எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, துப்பாக்கியே இல்லை. கடைசி இரண்டு வருடத் தேய்மானம் அதற்குப் பிறகு வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் உண்மைதான். அத்தை பொறுமையாகக் கேட்டாள்.

“அவுக கோட்டைப் பாக்காதது ஒத்த நாளு” என்றாள். “இது எத்தனை வருசம்?”

பின்கட்டில் மாமா தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எறங்க மாட்டேங்குன்னு சொன்னாகளே. எத்தனை தடவை சொன்னாக. தோளு வலிக்குன்னு சொன்னாக. நான் என்ன சொன்னேன்? சோறு தின்ன கையைத் தொடைக்காத ஆளுன்னு சொன்னேன்.”

“அத்தை…”

“நான் சொல்லிக்கிடுதேன் அவுக கிட்ட. நான்தான் சொல்லணும். நீ ஒன்னும் சொல்லிராத.”

அவள் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். எதையும் ஒட்டவிடாத மனுஷி, இதை மட்டும் எப்படி உள்ளே வைத்திருப்பாள்?

அடுத்த வாரம் போனபோது டம்ளரின் விளிம்பில் காப்பிக் கறை இருந்தது. அந்த வீட்டில் நான் பார்த்த முதல் கறை. என் டிபன் டப்பாவை அவள் எடுத்துப் பார்க்கவில்லை. காலையில் மாமாவுக்குத் தலை சீவினாள், பொத்தான் போட்டுவிட்டாள். விசாரணை நடக்கவில்லை. மாமா கொஞ்ச நேரம் காத்திருந்து, “அன்னைக்கு மட்டும் கோட்டைப் பாத்திருந்தா…” என்றார். அத்தை சீப்பைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

அவள் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சொல்ல முடியாததால் திட்டவும் முடியவில்லை. திட்டைத் தவிர அவரிடம் பேச அவளுக்கு வேறு பேச்சே இருந்ததில்லை என்பது அந்த வாரங்களில்தான் எனக்குத் தெரிந்தது. “சாப்பிடுதியளா?” “போதுமா?” “படிக்கட்டு இருக்கு, பாத்து.” யாரோ விருந்தாளியிடம் பேசுவதுபோல மெதுவாக, மரியாதையாக. மாமா அவளைத் தேடிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டேயிருப்பார். குரல் வராததால் முகம் பாதி வழியில் நின்றுவிடும். ஒருநாள் வேண்டுமென்றே சாம்பாரைத் தட்டிவிட்டார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் துடைத்து, வேறு சோறு போட்டாள்.

தனியாக இருக்கும்போது, “எப்ப அத்தை சொல்லப் போறீங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்கு” என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரம் நான் கேட்கவில்லை.

எனக்கு ஓசூரில் வேலை கிடைத்து, சொல்லிவிட்டுப் போக வந்த நாள் அது. அத்தை அடுக்களையில் இருந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலை ஒடுக்கிக் கேட்டார்.

“ஏட்டி, உண்மையச் சொல்லு. போன மாசம் ரத்தம் எடுத்தாகளே, டாக்டரு என்ன சொன்னாரு?”

“ஒன்னுமில்ல மாமா. நல்லாத்தான் இருக்கீங்க. ரிப்போர்ட்டை நானே பார்த்தேன்.”

“அவ கிட்ட வேற சொல்லிருக்காரு. எனக்குத் தெரியும்ட்டி. இல்லேன்னா எதுக்கு இப்படிப் பேசுதா? முப்பது வருசமா என்னைய ஒரு நாளு திட்டாம இருந்தவளில்ல, இப்ப விருந்தாளிகிட்ட மாதிரி பேசுதா. சாகப் போறவன்கிட்டதான் இப்படிப் பேசுவாக.”

நான் ஒன்றும் சொல்லக்கூடாது என்று அத்தை கேட்டிருந்தாள். “அப்படி இல்ல மாமா” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு, நான் எதிர்பார்க்காமல், அடுக்களையைப் பார்த்து உரக்கக் கத்தினார்.

“ஏளா! அன்னைக்கு நான் கோட்டைப் பாக்கவே இல்ல! தடவியும் பாக்கல! கம்பி பாதியிலதான் நின்னுது, எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் சுட்டேன்! முழுக்க என் தப்புதான், கேட்டியா?”

அது உண்மையில்லை. தெரிந்து யாரும் சுட மாட்டார்கள். அவள் வாயைத் திறக்க வைப்பதற்காக, இருந்ததைவிடப் பெரிய குற்றமாக ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தை வாசற்படிக்கு வந்தாள். வாய் திறந்தாள். அவள் சொல்லப்போகிறாள் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். மாமாவின் முகம் சரியாக அவள் நின்ற இடத்தைப் பார்த்து, திட்டு வாங்கத் தயாராக, கிட்டத்தட்டச் சிரிப்போடு இருந்தது.

அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சரிங்க” என்றாள். “காப்பி கொண்டாறேன்.”

அவள் உள்ளே போன பிறகும் மாமா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தார். பிறகு என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தியாட்டி?” என்றார். “இன்னும் எத்தனை நாளுன்னாவது சொல்லச் சொல்லு.”